அளவு பிளவுஸ்

ஜங்ஷனில் அந்தப் பெரிய துணிக்கடை திறந்த அன்று, நானும் என் நாத்தனாரும் எங்கள் தையல் கடையை மதியத்தோடு பூட்டிவிட்டு அதைப் பார்க்கப் போனோம். கேளம்பாக்கமே அங்கேதான் நின்றது. கண்ணாடிச் சுவர், நகரும் படிக்கட்டு, உள்ளே காலை வைத்ததும் முகத்தில் அடிக்கிற குளிர்க் காற்று, வாசலில் சந்தனம், கற்கண்டு. ஒரு தளம் முழுக்கப் பெண்களுக்கான டாப்ஸ். கம்பியில் நெருக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. நாத்தனார் ஒன்றை எடுத்து உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, தையலை விரலால் நீவிப் பார்த்தாள். விலைச் சீட்டையும் பார்த்தாள். பிறகு என் காதோரம் வந்து, "தையலு நல்லாதான் கீது அண்ணி" என்றாள்.

அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மட்டமாக இருந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அந்த விலைக்கு எங்களால் துணிகூட வாங்க முடியாது. என் மகளுக்கு அங்கேயே ஒரு டாப்ஸ் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் கடை கோவளம் போகிற ரோட்டில், ஒரு மெடிக்கலுக்கும் கோழிக்கறிக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து தைக்கிறேன். நாத்தனார் பின்னால் சேர்ந்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை அவள். அதற்கு முன்னால் தாம்பரம் பக்கம் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் இருந்தாள். குழந்தை பிறந்த பிறகு விடியற்காலை கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க முடியாமல் என்னிடம் வந்தாள். "அங்க நான் காலர் மட்டும்தான் தெச்சிகினு இருந்தேன் அண்ணி. முழு சட்டைய கையில வெச்சிப் பாத்ததே இல்ல" என்று அவள் சொன்னபோது நான் நம்பவில்லை. அவ்வளவு நேராக ஓடும் அவள் தையல்.

ஓ.எம்.ஆர். சாலை ஓரம் ஃபிளாட்டுகள் வந்தபோது எங்களுக்கு நல்ல காலம். கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை செய்கிற பெண்கள் துணி எடுத்துக்கொண்டு வருவார்கள். சுடிதார், பிளவுஸ் என்று அலமாரி நிறைந்திருக்கும். பெரிய கடை வந்த பிறகு, அதற்கும் முன்னால் போனில் பார்த்து வாங்குகிற பழக்கம் வந்த பிறகு, சுடிதார் தைக்க வருகிறவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. தெரு முனையில் என்னைப் பார்த்தால் கையிலிருக்கும் அந்தக் கடைப் பையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொள்வார்கள். அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருக்கும்.

நாங்கள் கூலியைக் குறைத்தோம். வேலை கொஞ்சம் கூடியது; கையில் நின்றது ஒன்றுமில்லை. ஜரிகை, மணி வேலை என்று படம் ஒட்டினோம். அதையும் அவர்கள் ரெடிமேடாகவே மாட்டிவைத்திருந்தார்கள். ஒருநாள் நாத்தனார் மிஷினில் கையை வைத்தபடி, "பேசாம நான் திருப்பியும் கம்பெனிக்கே போயிடட்டா அண்ணி? ஒருத்தர் வயித்துக்காவது இந்த கடை போதும்" என்றாள். நான் நூல் அறுந்ததுபோல் பாவனை செய்து குனிந்துகொண்டேன்.

அந்த வாரத்தில்தான் ஃபிளாட்டில் இருக்கிற ஒரு பெண் அதே பெரிய கடையின் டாப்ஸைக் கொண்டுவந்து, தோள் இறங்குகிறது, சைடு பிடித்துத் தர முடியுமா என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. "வாங்கின எடத்துலயே கேக்கறதுதானேம்மா" என்று சொல்லிவிட்டேன். நாத்தனார் எழுந்து வந்து என் கையைத் தாண்டி அதை வாங்கிக்கொண்டாள். "குடுத்துட்டுப் போங்க. சாயங்காலம் ரெடி ஆயிடும்."

அந்தப் பெண் போன பிறகு என்னிடம் சொன்னாள்: "இன்னா அண்ணி, சண்டையா போடறது? அவங்க எஸ், எம், எல்னு வெட்றாங்க. அந்த அளவுல யாரு பொறந்து கீறாங்க? ஒருத்தருக்கு கை குண்டு, ஒருத்தருக்கு இடுப்பு இல்ல. கம்பெனில ஒரு ஆளுக்கோசரம் மிஷின நிறுத்த மாட்டாங்க. நாம நிறுத்தலாம்."

மறுநாள் அவளே ஓர் அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டாள். ரெடிமேட் துணிகள், போனில் வாங்கிய துணிகள் உங்கள் அளவுக்குச் சரிசெய்து தரப்படும். அந்தக் கடை எவ்வளவு விற்றதோ அவ்வளவு வேலை எங்களுக்கு வர ஆரம்பித்தது. சில்லறை வேலைதான். ஆனால் முன்பெல்லாம் அளவுக்கு ஒரு பழைய பிளவுஸைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள்கூட, இப்போது திரைக்குப் பின்னால் போய் உடுத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் வந்து நின்றார்கள். எங்கே இழுக்கிறது, எங்கே தொங்குகிறது, எதை மறைக்க விரும்புகிறார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மதியம் அந்த அம்மா வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. கல்பாக்கம் பக்கம் அணுசக்தி ஆபீசில் கணக்குப் பிரிவில் வேலை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஊர் ஈரோட்டுப் பக்கம். பேச்சிலேயே தெரிந்தது. துப்பட்டாவை இரண்டு சுற்றுச் சுற்றிப் போட்டிருந்தார். கையில் ஒரு துணிப்பை. அதை மேசைமேல் வைக்காமல், கடையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார்.

"ஏனுங்க, அளவு பிளவுஸ் கொண்டாந்திருக்கேன். ஆனா அது இப்ப எனக்கு அளவில்லைங்க" என்றார்.

"இளைச்சிட்டீங்களாம்மா?"

"அதில்லைங்க." குரலைத் தாழ்த்திச் சொன்னார். மார்பில் கட்டி வந்து, ஒரு பக்கம் முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். ஆறிவிட்டது. மருந்தெல்லாம் முடிந்து, அடுத்த மாதம் ஆபீசில் திரும்பச் சேர வேண்டும். இத்தனை வருடமும் அங்கே சேலைதான் கட்டிப் போயிருக்கிறார். ஆபீஸ் குவார்ட்டர்ஸில் வழக்கமாகத் தைக்கிறவர் ஆண். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. போனில் தேடி வாங்கிய எதுவும் பொருந்தவில்லை. ஒன்று குத்துகிறது, ஒன்று நழுவுகிறது. எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

"இதையெல்லாம் நீங்க செய்வீங்களான்னு தெரியலைங்க. இல்லைன்னா பரவால்லைங்க" என்று சொல்லிக்கொண்டே பையை மடித்தார்.

நான் அதுவரை அப்படியொரு பிளவுஸ் தைத்ததில்லை. ஆனாலும் "உள்ள வாங்கம்மா" என்றேன். திரையை இழுத்துவிட்டு டேப்பை எடுத்தேன். அவர் துப்பட்டாவை எடுக்கக் கொஞ்ச நேரமானது. அந்தத் தழும்பைப் பார்த்தபோது என் கை நின்றுவிட்டது. எவ்வளவோ பேரின் உடம்பில் டேப் வைத்திருக்கிறேன். எங்கே தொட்டால் வலிக்கும் என்று கேட்க வேண்டியிருந்தது அன்றைக்குத்தான்.

"தொடலாங்களா?" என்று கேட்டேன்.

"தொடுங்க. டாக்டரும் நர்ஸும் தவிர யாரும் தொடலைங்க" என்றார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் வெளியே யாரோ வந்துவிட்டார்கள். நாத்தனார் ஷட்டரைப் பாதி இறக்கும் சத்தம் கேட்டது. "அண்ணி சாப்டுகினு கீறாங்கம்மா. அப்பால வாங்க" என்றாள். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர். "சாப்டுகினு கீறாங்க." மூன்றாவதாக ஒருவர் வந்து, இன்னுமா சாப்பிடுகிறாள் என்று கேட்டதும், "இன்னிக்கி பிரியாணி. லேட்டாவும்" என்றாள். திரைக்குள் அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் கையும் அப்போது இளகியது. அளவெடுத்தேன். அறுவை செய்த பக்கத்துக் கை மற்றதைவிடக் கொஞ்சம் வீங்கியிருந்தது. அதையும் தனியாக அளந்துகொண்டேன்.

பிளவுஸ் தைப்பது பெரிய காரியமில்லை. தழும்பின்மேல் தையல் வராமல் வெட்டி, லைனிங்குக்குள் ஒரு பை வைத்து, அதற்குள் பஞ்சு அடைத்த திண்டு ஒன்றைச் செருகினேன். துவைக்கும்போது எடுத்துவிடலாம். நன்றாகவே வந்திருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த வாரம் அவர் வந்து உடுத்திக்கொண்டு, கடைக்குள்ளேயே இங்கிருந்து அங்கே நடந்தார். கையைத் தூக்கினார். பஞ்சுத் திண்டு கழுத்துப் பக்கமாக ஏறி நின்றது. என்னால் முகத்தை நிமிர்த்த முடியவில்லை.

அந்த அம்மாதான் முதலில் சிரித்தார். "பஸ்ல கம்பியப் பிடிச்சா இது தோளுக்கே வந்திருமாட்ட இருக்குதுங்க."

நாத்தனார் மட்டும் சிரிக்காமல் திண்டைக் கையில் வாங்கி எடை பார்த்தாள். "கனமே இல்ல அண்ணி. அந்தப் பக்கம் இருக்கற கனம் இந்தப் பக்கமும் இருந்தாதான் கீழ நிக்கும்" என்றாள். அன்று சாயங்காலமே வீட்டிலிருந்து கடுகு எடுத்து வந்தாள். மெல்லிய பருத்தித் துணியில் கடுகைக் கட்டி, அதைச் சுற்றிப் பஞ்சு வைத்து, வட்டமாகத் தைத்தாள். கடுகு உருண்டை என்பதால் குத்தாது, அசைந்தால் தானும் அசையும். டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிட்டுப் போடச் சொல்லிக் கொடுத்தனுப்பினோம். அந்த அம்மா கேட்டுவிட்டு, தோல் சிவந்தால் மட்டும் எடுத்துவிடும்படி டாக்டர் சொன்னாராம் என்று வந்து சொன்னார்.

இரண்டாவது முறை பிளவுஸை உடுத்திக்கொண்டு அவர் சேலையைச் சுற்றிக் கொசுவினார். முந்தானை மடிப்பை எடுத்துத் தோளில் போட்டு, ஒரு பின்னைக் குத்தி, ஒரே இழுப்பில் சரிசெய்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட பெண் எவ்வளவு வேகமாகச் செய்வாளோ அவ்வளவு வேகம். கண்ணாடியில் சும்மா ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பினார். அப்புறம்தான், ஆபரேஷனுக்கு முன்னால் போலவே யோசிக்காமல் கட்டிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நாத்தனார் தண்ணீர் கொண்டுவரப் போனாள். போனவள் கொஞ்ச நேரம் திரும்பி வரவில்லை.

கூலி எவ்வளவு என்று கேட்டபோது நான் வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தேன். நாத்தனார் முந்திக்கொண்டு ஒரு தொகையைச் சொன்னாள். சாதாரண பிளவுஸைவிடக் கூடுதல்தான். அவர் போன பிறகு அவளைக் கடிந்துகொண்டேன்.

"இல்ல அண்ணி. பாவம்னு தெச்சிக் குடுத்தா அடுத்த வாட்டி வர மாட்டாங்க. காசு குடுத்தாதான் இது சரியில்ல, அது சரியில்லன்னு கேப்பாங்க" என்றாள். அவள் சொன்னதுபோலவே அந்த அம்மா திரும்ப வந்தார். ஒன்றில் கழுத்து இறக்கம் பிடிக்கவில்லை என்று குறை சொல்லிப் பிரித்துத் தைக்க வைத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்குப் போகும்போது அவர் யாரிடமோ சொல்லியிருக்க வேண்டும். கூடுவாஞ்சேரியிலிருந்து ஒருவர் மகளோடு வந்தார். செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறி இன்னொருவர் வந்தார். பிறகு வேறு வேறு உடம்புகள் வந்தன. முதுகு ஒரு பக்கம் வளைந்த கல்லூரிப் பெண். அவள் எந்தச் சுடிதார் போட்டாலும் கீழ் ஓரம் ஏறி இறங்கும். அவளுக்குத் தரைக்கு இணையாக வரும்படி வெட்டிக் கொடுத்தோம். கோவளத்தில் மீன் விற்கிற ஓர் அம்மாவுக்குக் கை தோளுக்குமேல் தூக்க வராது. அவருக்கு எல்லாக் கொக்கியும் முன்பக்கமே, விரலில் அகப்படுகிற பெரிய கொக்கி. "இத்தினி நாளா மருமவ வந்து மாட்டி வுடறதுக்கோசரம் காத்துகினு இருப்பேன்" என்றார் அவர். மதியம் கடை காலியாக இருக்கும் நேரத்தை இவர்களுக்கென்று ஒதுக்கினோம். ஷட்டர் பாதி இறங்கியிருந்தால் அண்ணி சாப்பிடுகிறாள் என்று தெருவுக்கே தெரிந்துவிட்டது. இதற்கென்று வாசலில் எதுவும் எழுதிவைக்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது பெரிய கடையிலிருந்து ஆள் வந்தார். மேனேஜர். சின்ன வயது, மரியாதையான பேச்சு. அவர்கள் துணி எங்கள் கடைக்குச் சரிசெய்ய வருவது அவருக்குத் தெரிந்திருந்தது.

"அக்கா, நீங்க ரெண்டு பேரும் எங்க கடைக்குள்ளயே வந்து உக்காந்துடுங்களேன். மாசச் சம்பளம், பி.எஃப்., லீவு எல்லாம் உண்டு. வாடகை தொல்லை உங்களுக்கு இருக்காது" என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். நன்றாகத் தூங்கினேன். நிச்சயமான சம்பளம் என்ற நினைப்பே அவ்வளவு இதமாக இருந்தது. மறுநாள் இருவரும் இடத்தைப் பார்க்கப் போனோம். நகரும் படிக்கட்டுக்குக் கீழே, பில் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு மிஷின் போடுகிற அளவு இடம். உடை மாற்றும் அறைகள் எதிரே. அறை வாசலில் பைகளோடு அண்ணன்களும் கணவன்களும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு துணிக்கு இத்தனை நிமிஷம் என்று கணக்கு இருக்கிறது. வாடிக்கையாளர் பில் போட்டு முடிப்பதற்குள் தந்துவிட வேண்டும் என்றார் மேனேஜர். அவர் சொன்னதில் தவறேதும் இல்லை. அந்தக் கடைக்கு அதுதான் சரி.

நாத்தனார் படிக்கட்டின் அடியில் நின்று மேலே பார்த்தாள். "இங்க ஷட்டர் எங்க அண்ணி கீது?" என்று மட்டும் கேட்டாள்.

திரும்பி நடந்து வரும்போது நான் சொன்னேன்: "உனக்கு வேணும்னா போம்மா. உனக்குக் கொழந்த கீது, செலவு கீது. நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

"நீங்க?"

"நான் போவல."

"அப்பறம் நான் மட்டும் அந்தப் படிக்கட்டுக்கு அடியில யாராண்ட பேசிகினு இருக்கறது?" என்றாள். தக்காளி வாங்க வேண்டும் என்று பேச்சை மாற்றினாள். முடிவு அவ்வளவுதான்.

மேனேஜரிடம் போய், வர முடியாது, ஆனால் சரிசெய்ய வேண்டியவர்களை எங்கள் கடைக்கு அனுப்பினால் நாங்கள் செய்து தருகிறோம் என்றேன். அப்படி அனுப்பக் கம்பெனியில் விதியில்லை என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். அங்கே வேலை செய்யும் பெண்கள் அந்த விதியைக் கண்டுகொள்ளவில்லை. "கோவளம் ரோட்டுல மெடிக்கல் பக்கத்துல" என்று சொல்லி அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஒருநாள் தன் சீருடையோடு வந்தாள். உத்திரமேரூர் பக்கத்துப் பெண், ஐந்தாவது மாதம். சீருடை மூன்று அளவில்தான் வருமாம். பெரியதை வாங்கினால் தோள் முழங்கைக்கு வருகிறது. சின்னதில் வயிறு நுழையவில்லை. நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கிற வேலை. வயிற்றுப் பக்கம் இரண்டு ஓரத்திலும் அதே நிறத் துணி கொடுத்து, மாதம் ஏற ஏற அவிழ்த்துவிட்டுக்கொள்கிற மாதிரி மடிப்பு வைத்துத் தைத்தோம். அவளிடம் நாத்தனார் கூலி வாங்கவில்லை. நான் அவளைப் பார்த்தேன். "இன்னா அண்ணி பாக்கறீங்க? கம்பெனில நானும் வயித்த தூக்கிகினு நின்னவதான்" என்றாள்.

நாங்கள் பெரிய கடையை ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். சுடிதார் தைக்கிற வேலை திரும்பி வரவில்லை, வராது. கல்யாண சீசனில் அங்கே நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் இன்னமும் நடையை எட்டிப் போட்டுத் தாண்டிவிடுகிறேன். வாடகையை உயர்த்தப் போவதாகக் கட்டட உரிமையாளர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஆனால் எங்களிடம் வருகிறவர்கள் விலையைக் கேட்டுக்கொண்டு இன்னொரு கடைக்குப் போகிறவர்கள் இல்லை. ஒரு மிஷின் கூடியிருக்கிறது. உள்பாவாடையும் துண்டும் நான் இப்போதும் அந்தப் பெரிய கடையில்தான் வாங்குகிறேன்.

போன தை மாதம், என் வீட்டுக்காரரின் அக்கா மகள் கல்யாணம் மாமல்லபுரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அதற்கு முந்தின வாரம் நாத்தனார் என்னைப் பார்த்து, பிளவுஸ் தைத்தாயிற்றா என்று கேட்டாள். பழசு இருக்கிறது, அதுவே போதும் என்றேன். ஊருக்கெல்லாம் தைக்கிறவள் தனக்குத் தைத்துக்கொள்ள எங்கே நேரம்? எப்போதும் ஏதோ ஒன்றை மாட்டிக்கொள்வேன். எல்லாமே ஒரு பக்கம் நழுவும். பின் குத்திச் சமாளித்துவிடுவேன்.

"இப்டி வாங்க அண்ணி" என்றாள். டேப்பை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்து நின்றாள். கடையில் யாருமில்லை. ஷட்டரைப் பாதி இறக்கினாள். அத்தனை வருடத்தில் என் உடம்பில் ஒருவர் டேப் வைத்து அளப்பது அதுதான் முதல் தடவை. எனக்குக் கூச்சமாக இருந்தது. கழுத்திலிருந்து தோள், தோளிலிருந்து கை என்று போனவள், மறுபடி தொடக்கத்துக்கு வந்து இன்னொரு முறை அளந்தாள்.

"இன்னா?" என்று கேட்டேன்.

"வலது தோளு எறங்கிகினு கீது அண்ணி. மிஷினாண்ட குனிஞ்சி குனிஞ்சி. அதான் எது போட்டாலும் உங்களுக்கு நழுவுது." அவள் கை சிறிது நேரம் அந்தத் தோளிலேயே இருந்தது. பிறகு சாக்பீஸை எடுத்து இரண்டு தோளுக்கும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டு, துணியைக் கொடுங்கள் என்றாள்.

பச்சைப் பட்டுக்கு அரக்கு நிறத்தில் தைத்தாள். மண்டபத்தில் பந்தி பரிமாறினேன், குழந்தைகளைத் தூக்கினேன். சாயங்காலம் எல்லோருமாகக் கடற்கரைக்குப் போனோம். காற்று பலமாக அடித்தது. சேலையைப் பிடித்துக்கொண்டேன், தோளைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. கொஞ்சம் தள்ளி, மணலில் தன் குழந்தையின் காலைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்த நாத்தனார் நிமிர்ந்து, கண்ணைச் சுருக்கி என் தோள் பக்கம் பார்த்தாள். சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடி குனிந்துகொண்டாள்.